உஸ்தா வரும் நாளில் மட்டும் வெந்நீர்

நெபஹாத் இருபத்தாறு வருடம் சர்க்கரை ஆலையில் மண்ணைக் கழித்தவள். செப்டம்பர் பிறந்தால் துருக்கியின் எஸ்கிஷெஹிர் நகரைச் சுற்றியுள்ள சமவெளியிலிருந்து வெள்ளை பீட்ரூட் ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாசலில் வரிசை கட்டும். ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஒரு கூடை கிழங்கை இறக்கி, நிறுத்து, கழுவி, மறுபடி நிறுத்து, நூற்றுக்கு எத்தனை பங்கு மண் என்று சீட்டில் எழுதுவது அவள் வேலை. மேலடுக்கில் துடைத்து வைத்த கிழங்கு பளபளவென்று இருக்கும். நடுவில் கையை விட்டால் முழங்கை வரை சேறு. வண்டிக்காரன் அல்லாமேல் ஆணையிடுவான், பிள்ளைகள்மேல் ஆணையிடுவான். நெபஹாத் சீட்டில் எண்ணை எழுதி நீட்டுவாள். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் அந்தக் கை அடங்கவில்லை. சந்தையில் ஆரஞ்சு வாங்கினாலும் பெட்டியின் அடியில்தான் முதலில் துழாவும்.

அப்படிப்பட்டவள் வீட்டில், ஜனவரி இரண்டாவது வாரம், குழாயில் வெந்நீர் நின்றுபோனது.

பாய்லர் சமையலறையை ஒட்டி, கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியில் சுவரில் தொங்குகிறது. வீட்டைச் சூடாக்குவதும் அதுதான், குழாய்க்கு வெந்நீர் தருவதும் அதுதான். ரேடியேட்டர்கள் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தன. குழாயைத் திறந்தாலோ பனியில் கரைத்த மாதிரி பச்சைத் தண்ணீர். பாய்லர் ஒரு முனகல்கூட முனகவில்லை. பாத்திரம் கழுவிய கை முட்டி முட்டியாகச் சிவந்து வலித்தது. நெபஹாத் பாய்லரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பாதி வேலையைச் செய்துவிட்டு மீதியை மறுக்கிற யாரையும் அவள் நம்புவதில்லை.

அவள் கணவர் ரிஃப்கியால் அப்போது அதைப் பார்க்க முடியாத நிலை. டிசம்பரில் அவருக்கு மூலத்துக்கு ஆபரேஷன் நடந்திருந்தது. கட்டடத்தில் எல்லோரிடமும் இடுப்பு என்று சொல்லி வைத்திருந்தார்கள். ரயில் பட்டறையில் முப்பது வருடம் இன்ஜினுக்குக் குழாய் மாட்டிய மனிதர், நடுவில் ஓட்டை உள்ள மெத்தையில் உட்கார்ந்து கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெதுவெதுப்பான தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கழிவறையில் தன் கையாலேயே ஒரு மிக்சர் குழாயும், அதிலிருந்து விசையை அழுத்தினால் பீய்ச்சும் ஒரு கைக்குழாயும் மாட்டி வைத்திருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் செய்த ஒரே வேலை அது. அதைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும்கூடப் பேசிக்கொண்டதில்லை.

பாய்லர் மெக்கானிக் வெஹ்பி உஸ்தாவைக் கூப்பிடச் சொன்னவள் கீழ்வீட்டுப் பெரிஹான். கூப்பிட அவ்வளவு யோசிக்கவும் தேவையில்லை. அந்தக் கட்டடத்தின் பதினாறு வீட்டுப் பாய்லர்களையும் வருடா வருடம் பார்ப்பவன் அவன்தான். ஜனவரி கடைசி ஞாயிறு கட்டடக் கூட்டத்தில் கை தூக்கி அவனை மறுபடி அமர்த்துவார்கள். பக்கத்துக் கட்டடங்கள் இரண்டும் இவர்களைப் பார்த்துத்தான் ஆள் வைக்கும். அவனுடைய குளிர்காலம் முழுவதும் அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகும். நெபஹாத்தும் ஆறு வருடமாகக் கை தூக்கியிருக்கிறாள். ஆனால் அவன் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்ததில்லை, அதெல்லாம் ரிஃப்கியின் பாடாக இருந்தது.

உஸ்தா வருகிறான் என்றதும் அவள் வீட்டைக் கழுவினாள். சமையலறை, நடை, கடைசியில் கழிவறை. வெளியாள் வரும்போது கழிவறை அழுக்காக இருப்பது துணியில்லாமல் நிற்பதற்குச் சமம் என்று நினைப்பவள் அவள். அவன் பால்கனியோடு போய்விடுவான்தான். இருந்தாலும் கை கழுவ எங்காவது திரும்பினால்? தரையைத் தேய்த்து, ரிஃப்கியின் கைக்குழாயைச் சுருட்டி, மிக்சரின் பிடியை இறுக மூடி, மேலே ஒரு துண்டைத் தொங்கவிட்டாள்.

வெஹ்பிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வாசலில் ஷூவைக் கழற்றினான். சாக்ஸ் வெள்ளைவெளேர் என்று இருந்தது. வேலை செய்கிறவனின் சாக்ஸா இது என்று நெபஹாத்துக்கு முதல் கேள்வி எழுந்தது. அவன் பால்கனிக்குப் போய், சமையலறைக் குழாயைத் திறக்கச் சொன்னான். பாய்லர் புஸ்ஸென்று பற்றிக்கொண்டது. தண்ணீரில் ஆவி பறந்தது.

"சுடுதே, அக்கா."

"இப்ப சுடுது. காலையில சுடல."

"காலையில என்ன பண்ணீங்க?"

"குழாயை என்ன பண்ணுவாங்க? திறந்தோம், மூடினோம்."

அவன் சிரித்துவிட்டு, வடிகட்டியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். ஒரு டீ குடித்தான். துடைத்ததற்கெல்லாம் கூலி வேண்டாம் என்று சொல்லிப் போனான். அது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மண் அதிகம் உள்ள வண்டிக்காரன்தான் உள்ளே வரும்போதே ஒரு பை வால்நட் நீட்டுவான்.

உஸ்தா படியிறங்கியதும் ரிஃப்கி கழிவறைக்குப் போனார். அந்நிய ஆள் வீட்டில் இருக்கும்போது போக அவருக்குக் கூச்சம். அவர் வெளியே வந்து ஒரு மணி நேரம் கழித்து நெபஹாத் டீ கிளாஸ்களைக் கழுவப் போனாள். பச்சைத் தண்ணீர்.

"ஏதோ பண்ணி வச்சிட்டுப் போயிருக்கான்" என்றாள்.

"எல்லாரையும் பீட்ரூட் வண்டியாவே பாரு நீ" என்றார் ரிஃப்கி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாம் தடவை அவன் வந்தது செவ்வாய்க்கிழமை. வருவதற்கு முன் மறுபடி கழுவினாள், மறுபடி துண்டு தொங்கியது, மறுபடி அவன் முன்னால் தண்ணீர் கொதித்தது. பாய்லருக்குள் தண்ணீர் ஓடுவதை உணர்ந்து நெருப்பைப் பற்றவைக்கச் சொல்கிற சின்னச் சக்கரம் ஒன்று உண்டு, அது சில நேரம் மக்கர் பண்ணும் என்று சொல்லிப் புதிதாக ஒன்று போட்டான். பழையதைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அவன் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். அவன் போன பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் அதைச் சுண்டிப் பார்த்தாள். சர்ரென்று சுழன்றது. இதிலே என்ன குறை? சாயங்காலம் குழாய் மறுபடி குளிர்ந்துபோயிருந்தது.

அந்த வாரம் அவள் பெரிய பானையில் தண்ணீர் காய்ச்சிக் குளித்தாள். குளிக்கும்போது கணக்குப் பார்த்தாள். அவன் இருக்கும்போது சரியாக இருக்கிறது, அவன் போனதும் கெடுகிறது. தற்செயல் ஒரு தடவை வரும், இரண்டு தடவை வராது. அவன் பையில் ரிமோட் மாதிரி ஏதாவது வைத்திருக்கிறானா என்றுகூட யோசித்தாள். பாய்லர்க்காரர்கள் எல்லோரும் கடைசியில் சர்க்யூட் போர்டு போய்விட்டது என்பார்கள், நல்ல போர்டைக் கழற்றிக்கொண்டு போய் இன்னொரு வீட்டில் மாட்டுவார்கள் என்று தையற்கடையில் ஒருத்தி சொல்லக் கேட்டிருந்தாள். அன்றைக்கே பாய்லரின் முன்மூடியை ரிஃப்கியின் திருப்புளியால் கழற்றி, உள்ளே இருந்த பச்சைப் போர்டின் மூலையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள்.

மூன்றாம் தடவை, அவள் நினைத்தபடியே, வெஹ்பி போர்டைப் பற்றிப் பேசினான். இந்தத் தடவை அவன் முகத்திலும் ஒரு மாற்றம் இருந்தது. குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, பத்துத் தடவை பார்த்தான். பத்துத் தடவையும் சுட்டது.

"அக்கா, நெசமாவே நின்னுபோகுதா?"

"என்ன கேக்குற நீ?"

"இல்ல, சில வீட்ல ஆளுங்க தப்பான குழாயைத் திறந்துட்டு..."

"எனக்கு சிவப்பும் நீலமும் தெரியும், உஸ்தா."

அவன் தன்னிடமிருந்த ஒரு போர்டைத் தற்காலிகமாகப் போட்டுவிட்டு, அவளுடையதைக் கடையில் சோதிக்கிறேன் என்று எடுத்துப் போனான். சிவப்புப் புள்ளி அவன் பைக்குள் போவதை நெபஹாத் கண்ணால் பார்த்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்தாள். கை மரத்துப்போனது.

அன்று கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் அவள் எழுதினாள். வெஹ்பி உஸ்தா மூன்று தடவை வந்தார், அவர் இருக்கும்வரை வெந்நீர் வருகிறது, போனதும் நிற்கிறது, இப்போது என் நல்ல போர்டை எடுத்துக்கொண்டு ஏதோ பழையதை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கை தூக்குவதற்கு முன் எல்லோரும் யோசியுங்கள். இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள். எல்லாம் உண்மை. ஒரு சொல் கூட்டவில்லை.

பத்து நிமிடத்தில் ஐந்தாம் மாடியில் ஒருவர், எங்கள் வீட்டிலும் போன வருடம் அவன் ஒரு பாகம் மாற்றினான், அப்போதே எனக்கு உறுத்தியது என்று எழுதினார். முதல் மாடி வீடு வியாழக்கிழமைக்குச் சொல்லியிருந்த வேலையை வேண்டாம் என்றது. கட்டட நிர்வாகி ஷுக்ரு, ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், விஷயம் பதிவு செய்யப்பட்டது, கூட்டத்தில் விசாரிக்கப்படும் என்று எழுதினார். பெரிஹான் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் படியில் எதிர்ப்பட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினாள்.

வியாழக்கிழமை காலை அழைப்புமணி அடித்தது. வெஹ்பி. வருகிறேன் என்று சொல்லாமல் வந்திருந்தான். வீடு கழுவியிருக்கவில்லை, காலை உணவுத் தட்டுகள்கூட மேசையில்தான் கிடந்தன. அவன் வணக்கம் சொல்லவில்லை. காகிதத்தில் சுற்றிய போர்டை நீட்டினான்.

"உங்க போர்டு, அக்கா. கடையில மாட்டிப் பாத்தேன், ஒரு குறையும் இல்ல. மூலையில சிவப்புப் புள்ளி. உங்களதுதானே?"

நெபஹாத்துக்குக் கன்னம் சுட்டது. புள்ளியை விரலால் தடவினாள். அடுத்த கணமே, இந்தச் சிவப்பு எந்தக் கடையில்தான் கிடைக்காது என்று தோன்றியது.

"என் போர்டைக் கழட்டிட்டுப் போறேன். உங்களதை மாட்டித் தரேன். அப்புறம் நீங்க யாரை வேணா கூப்பிடுங்க" என்றான்.

பால்கனிக்குப் போய் மாற்றி மாட்டினான். பழக்கதோஷத்தில், சமையலறைக் குழாயைத் திறங்க என்றான். அவள் திறந்தாள். பாய்லர் பற்றவில்லை. தண்ணீர் குளிர்ந்து கொட்டியது. வெஹ்பி வந்து குழாயின் கீழே கையை நீட்டினான். நீட்டியபடியே நின்றான். அதுவரை அவன் முகத்தில் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ரொம்ப நாள் தேடிய ஆளைத் தெருவில் கண்டவன்போல் ஆனான்.

"மூடாதீங்க. அப்படியே ஓடட்டும்."

பாய்லரின் அடியில் போய், உள்ளே பச்சைத் தண்ணீர் போகிற வால்வை முழுசாக அடைத்தான். பாய்லருக்கே தண்ணீர் போகவில்லை என்றால் வெந்நீர்க் குழாயில் சொட்டுக்கூட வரக்கூடாது. ஆனால் சமையலறைக் குழாய் முன்போலவே கொட்டிக்கொண்டிருந்தது.

"இது பாய்லர்ல இருந்து வரல, அக்கா. பச்சைத் தண்ணி வேற எங்கிருந்தோ வெந்நீர்க் குழாய்க்குள்ள பூருது. வீட்ல எங்கயாவது மிக்சர் திறந்து கிடக்கா?"

"எல்லாம் மூடித்தான் இருக்கு. திறந்திருந்தா தண்ணி ஓடாதா?"

"நுனியில அடைச்சிருந்தா ஓடாது. நான் பாத்ரூமைப் பாக்கணும்."

"கழிவறை கழுவல."

"பதினெட்டு வருஷமா ஊரு கழிவறையிலதான் அக்கா நிக்கிறேன்."

"இன்னிக்குக் கழுவலன்னு சொல்றேன்ல."

அவள் நடையின் குறுக்கே நின்றாள். எதற்கு இவன் இப்படித் துடிக்கிறான் என்றுதான் அப்போதும் நினைத்தாள். சத்தம் கேட்டு ரிஃப்கி மெதுவாக நடந்து சமையலறைக்கு வந்தார். அடைத்த வால்வைப் பார்த்தார். கொட்டுகிற குழாயைப் பார்த்தார். இரண்டையும் மாற்றி மாற்றி ஒரு தடவை பார்த்ததிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. காது மடல் சிவந்தது.

"வழி விடு, நெபஹாத்" என்றார். "வா தம்பி."

இருவரும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நெபஹாத் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றாள். ரிஃப்கியின் குரல் தணிந்து ஏதோ சொன்னது. ஒரு பிடி கிறீச்சென்று திரும்பும் ஓசை வந்தது. அந்தக் கிறீச் அவளுக்குத் தெரிந்த கிறீச். பால்கனியில் போய் வால்வைத் திறந்தான் வெஹ்பி. பாய்லர் புஸ்ஸென்று பற்றிக்கொண்டது.

டீ குடிக்கும்போது ரிஃப்கிதான் விளக்கினார், மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு. முதலில் சில நாள் ஒவ்வொரு தடவையும் பிடியை மூடி வைத்தார். பிறகு, தோதான சூடு எந்த இடத்தில் வருகிறது என்று கண்டுபிடித்ததும், பிடியை அங்கேயே நடுவில் விட்டுவிட்டு நுனி விசையை மட்டும் விடுவித்துத் தண்ணீரை நிறுத்தினார். அங்கே வெந்நீர்க் குழாயும் பச்சைத் தண்ணீர்க் குழாயும் கலந்து கிடந்தன. வீட்டில் எங்கே வெந்நீரைத் திறந்தாலும் பச்சைத் தண்ணீர் அந்தக் குறுக்கு வழியில் புகுந்து முந்திக்கொண்டது. பாய்லர் வழியாகத் தண்ணீர் ஓடவில்லை. யாரும் வெந்நீர் கேட்கவில்லை என்று அது சும்மா இருந்தது.

நெபஹாத் ஒவ்வொரு நாளாக எண்ணிப் பார்த்தாள். முதல் நாள், செவ்வாய்க்கிழமை, போர்டு நாள். மூன்று தடவையும், உஸ்தா வருகிறான் என்று தேய்த்துக் கழுவிப் பிடியை மூடித் துண்டு போட்டது அவள் கைதான். முழங்கை வரை உள்ளே விட்டுப் பார்க்கிற அதே கை.

வெஹ்பி கிளம்பும்போது சொன்னான்: "குரூப்புல சரியாயிடுச்சுன்னு மட்டும் போடுங்க, அக்கா. அண்ணன் விஷயம் எதுக்கு."

அவள் எழுதினாள்: வெஹ்பி உஸ்தா பேரில் தப்பு இல்லை, வெந்நீர் சரியாகிவிட்டது, முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அது விஷயத்தை ஆற்றவில்லை, கிளறிவிட்டது. என்ன தப்பு என்று சொல்லவில்லையே என்றார் ஐந்தாம் மாடிக்காரர். இரண்டு நாளில் இப்படி மாற என்ன நடந்தது என்று இன்னொரு வீடு கேட்டது. சாயங்காலம் ஷுக்ரு போனில் கூப்பிட்டார்.

"நெபஹாத் ஹனிம், மறைக்காமச் சொல்லுங்க. அந்த ஆள் வீட்டுக்கு வந்து மிரட்டினானா?"

"இல்லை."

"இல்ல ஏதாவது குடுத்தானா?"

அவள் போனை வைத்துவிட்டாள். தன்னை யாரோ கூடையோடு தராசில் வைத்துக் கழுவ எடுத்துப் போவதுபோல இருந்தது. சொன்னால் ரிஃப்கி கட்டடத்தில் தலை காட்ட முடியாது. சொல்லாவிட்டால் வெஹ்பிக்கு மூன்று கட்டடமும் போகும். அவள் ரிஃப்கியிடம் எதையும் கேட்கவில்லை. அவரும் கால்பந்தின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

கூட்டம் எப்போதும்போல நிலவறையில் நடந்தது. எரிவாயு வருவதற்கு முன் கட்டடத்துக்கே பொதுவாக நிலக்கரி எரித்த அறை அது. சுவரில் கரி இன்னும் போகவில்லை. மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ரிஃப்கி உட்காராமல் சுவரோரம் நின்றார். இடுப்பு பாவம் என்று யாரோ சொல்வது கேட்டது. வெஹ்பி வாசலருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அன்றும் வெள்ளை சாக்ஸ்தானா என்று பார்க்க நெபஹாத்தின் கண் தானாகக் கீழே போயிற்று. பூட்ஸ் போட்டிருந்தான்.

ஷுக்ரு இரண்டு செய்திகளையும் வாசித்தார். பிறகு அவளை எழுப்பினார். முதலில் எழுதியது பொய்யா, இரண்டாவது பொய்யா என்று கேட்டார். முதலில் எழுதியது தப்பு, தப்பு எங்கள் வீட்டுக் குழாய் ஒன்றில் இருந்தது, பாய்லரில் இல்லை என்றாள் நெபஹாத். எந்தக் குழாய் என்றார் அவர்.

அவள் வாயைத் திறக்குமுன் வெஹ்பி முந்தினான்.

"சமையலறைக் குழாய், ஷுக்ரு பெய். வாஷர் போயிருந்துச்சு."

பொய்யைக் கூசாமல் சொன்னான். எவ்வளவு சுளுவாகச் சொல்கிறான் என்று நெபஹாத் அந்த நேரத்திலும் கவனித்தாள். பெரிஹான் நாற்காலியில் திரும்பினாள்.

"சமையலறைக் குழாயா? ஏண்டி நெபஹாத், போன மாசம்தானே அதை மாத்தினீங்க? பழசை எங்க வீட்டுக்குக் குடுத்தியே."

அறையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்தாம் மாடிக்காரர் பெருமூச்சு விட்டார், எனக்கு எல்லாம் தெரியும் என்கிற பெருமூச்சு. ஷுக்ரு கண்ணாடியைக் கழற்றினார். ரெண்டு பேரும் சேர்ந்து பேசி வச்சிட்டு வந்திருக்கீங்க என்றார். தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்த வெஹ்பியின் விரல்கள் நின்றன.

"கழிவறைக் குழாய்" என்றார் ரிஃப்கி சுவரோரத்திலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள்.

"டிசம்பர்ல எனக்கு நடந்தது இடுப்பு இல்ல. மூலம். வெதுவெதுப்பாத் தண்ணி வேணும்னு நானே ஒரு மிக்சர் மாட்டினேன். வெந்நீருக்கு ஒண்ணு, பச்சைத் தண்ணிக்கு ஒண்ணு, ஒருவழி வால்வு போட்டிருக்கணும். போடல. அதான் வெந்நீர் நின்னுச்சு." சுவரில் சாய்ந்துகொண்டார். "முப்பது வருஷம் இன்ஜினுக்குக் குழாய் மாட்டினவன், போடல."

மூலம் என்றபோது நடுங்காத குரல் அந்தக் கடைசி வாக்கியத்தில் நடுங்கியது. அதுவரை நெபஹாத் எதைக் கூச்சம் என்று நினைத்திருந்தாளோ அது பாதிதான். மீதி இது. கட்டடத்தில் எந்தக் குழாய் ஒழுகினாலும் முதலில் அவரிடம்தான் வருவார்கள்.

பிறகு நாலாம் மாடிப் பள்ளிக்கூட வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கைக்குழாய் சௌகரியமாக இருக்கிறதா என்று ரொம்பத் தீவிரமாகக் கேட்டார். ரொம்பச் சௌகரியம் என்றார் ரிஃப்கி. யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

நெபஹாத் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"நான் முடிக்கல" என்றாள். "அவர் வர்ற ஒவ்வொரு தடவையும் முன்னாடியே போய் அந்தக் குழாயை மூடினது நான். அவர் பாக்கக் கூடாதுன்னு துண்டு போட்டு மறைச்சதும் நான். மூணு தடவை அவரை ஏமாத்தி அனுப்பிட்டு, அவர் என்னை ஏமாத்தறார்னு எழுதினேன். மண்ணு எங்க வண்டியிலதான் இருந்துச்சு."

உட்கார்ந்தாள். ஷுக்ரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வீட்டுக்கு ஒரு கை என்று நினைவூட்டினார். கைகள் எழுந்தன. நெபஹாத் திரும்பி ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினைந்து. ஐந்தாம் மாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு தடவை புகார் வந்த ஆள் என்று அவர் மனசில் ஓடுவது அவளுக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. வியாழக்கிழமைவரை அது அவள் மனசு. பதினைந்து போதும் என்றார் ஷுக்ரு. வெஹ்பி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் நன்றி என்று சொல்லிவிட்டு வெளியேறினான்.

திங்கட்கிழமை அவன் வால்வு மாட்ட வந்தான். வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தான். நெபஹாத் கழிவறையைக் கழுவாமல் விட்டிருந்தாள். அது ஒன்றும் எளிதாக இல்லை. விளக்குமாற்றை இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவை வைத்தாள். துண்டும் தொங்கவில்லை. ரிஃப்கி குறடை எடுத்துக்கொண்டு உஸ்தாவுக்கு உதவியாகத் தரையில் மண்டியிட்டார். வெறுந்தரையில் உட்கார முடியாதே தவிர மண்டியிட முடிந்தது. நெபஹாத் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

வெஹ்பி பையிலிருந்து விரல் நீளத்தில் இரண்டு பித்தளைத் துண்டுகளை எடுத்து வைத்தான்.

"ரெண்டு எதுக்கு? ஒண்ணு போதாதா?" என்றாள்.

ரிஃப்கி குறடோடு திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெஹ்பி அவர் தோளைத் தொட்டு நிறுத்தினான். ஒரு வால்வை வாயில் வைத்து ஊதினான், காற்று போயிற்று. திருப்பி வைத்து ஊதினான், போகவில்லை. "தண்ணி போகும், திரும்பி வராது. வெந்நீர்ப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு, அக்கா" என்று மற்றொன்றை அவளிடம் நீட்டினான்.

அவள் அதை வாங்கி, ஏப்ரனில் துடைத்து, ஒரு பக்கம் ஊதினாள். மறுபக்கம் திருப்பி ஊதினாள். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் ஊதினாள்.

"சரி" என்று திருப்பிக் கொடுத்தாள். "மாட்டுங்க."

நிலையை விட்டு நகரவில்லை. அவனும் நகரச் சொல்லவில்லை. வெளிச்சம் மறைக்குது, கொஞ்சம் இந்தப் பக்கம் நில்லுங்க அக்கா என்று மட்டும் சொன்னான்.